டீசல் புகையால் இருமல் வரும் என்றார்கள், இப்போது மூளை வரை சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பட்டறை_மணியம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 26 வருடம் பேருந்து ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவன் நான். வயது 57. இப்போது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீடு, முழங்கால் வலி, மாலையானால் காப்பிக்கடை. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இஞ்சினை ஓடவிட்டுத்தான் பழுது பார்ப்போம். மழை வந்தால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். உள்ளே ஏழெட்டு வண்டிகள் உறுமிக்கொண்டிருக்கும். வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மை கொட்டியது மாதிரி இருக்கும். அந்தக் கைக்குட்டைகளை என் மனைவி மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்கவே மாட்டாள், தனி வாளி. சூப்பர்வைசரிடம் சொன்னால், "வாழைப்பழம் சாப்பிடு, தூசியை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும்" என்பார். நாங்களும் சாப்பிட்டோம்.

இப்போது மகள் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். காற்று மாசும் உடல்நலமும் பற்றிக் கடந்த 30, 40 வருட ஆராய்ச்சி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய புராஜெக்ட். சாப்பாட்டு மேசை முழுக்கச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். நுரையீரலுக்கு மஞ்சள், இதயத்துக்குச் சிவப்பு, கர்ப்பத்துக்குப் பச்சை, மூளைக்கு நீலம். பழைய ஆராய்ச்சிகள் இருக்கும் இடது ஓரத்தில் மஞ்சள்தான் அதிகம். நடுவில் சிவப்பு ஏறுகிறது. சமீபத்திய வருடங்கள் இருக்கும் வலது ஓரத்தில், ரசப் பாத்திரம் வைக்கிற இடத்தில், ஒரே நீலம்.

என் சந்தேகம் இதுதான். பஸ் புகை இன்றைக்கு 1993ல் இருந்ததைவிட எவ்வளவோ குறைவு. என் கண்ணால் பார்த்தது. 2025லிருந்து புது டீசல் கார், டாக்சியைப் பதிவு செய்யவே விடுவதில்லை. புகை குறைய நோய்ப் பட்டியல் மட்டும் ஏன் நீள்கிறது? இன்னொன்று. ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் அது புரோட்டாவால் வந்ததா பஸ் புகையால் வந்ததா என்று யார் சொல்ல முடியும்? "அப்பா, தனி ஆளை வைத்துச் சொல்ல முடியாது, கூட்டத்தை வைத்துத்தான் சொல்லலாம்" என்கிறாள் மகள். கூட்டத்திலும் எல்லாரும் புரோட்டா சாப்பிடுகிறார்களே!

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லிகா_யீஷூன் எழுதியது:

அண்ணே, பதில் எனக்குத் தெரியாது, நானும் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன்.

2013 ஜூன் புகைமூட்டம் ஞாபகம் இருக்கிறதா? 21ஆம் தேதி நண்பகலில் பிஎஸ்ஐ, அதாவது காற்று மாசுக் குறியீடு, 401. எதிர் அடுக்குமாடி புளோக் தெரியவில்லை. என் மகன் அப்போது தொடக்கநிலை இரண்டு, ஆஸ்துமா. பள்ளி விடுமுறையாக இருந்ததால் தப்பித்தோம். ஈரத்துண்டைச் சுருட்டிக் கதவடியில் வைத்துவிட்டு அவனை அறைக்குள்ளேயே உட்கார வைத்திருந்தேன். என்95 முகக்கவசம் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன், எல்லாம் தீர்ந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கினோம். இப்போது அதுதான் தலைவலி. காய்ந்த மிளகாய் தாளித்தால் அதன் விளக்கு சிவப்பாகிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் சிவப்பாகி, அரைமணி நேரம் கத்துகிறது. "சாமிக்குப் போடும் புகை ஒன்றும் செய்யாது, அந்த மிஷினைத் தூக்கி வெளியே வை" என்கிறார் மாமியார். சாம்பிராணியைப் பற்றியும் யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா? இல்லை, பஸ் புகையோடு நிறுத்திக்கொண்டார்களா?

எண்ணிக்கைக்காரி எழுதியது:

மணியம் அண்ணே, புரோட்டா கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். நோயாளிகளின் பதிவுகளை எண்ணி, அலசிக் கொடுப்பதுதான் 14 வருடமாக என் வேலை. இந்தத் துறையில் பெரிய தலைகள் எல்லாம் ஆயுசு முழுக்க முட்டி மோதியது உங்கள் புரோட்டாவோடுதான்.

ஆரம்பத்தில் கணக்கே தேவைப்படவில்லை. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் நிலக்கரிப் புகை கவிந்தது. வழக்கத்தைவிட 4,000 பேர் அதிகமாகச் செத்தார்கள் என்று அப்போது சொன்னார்கள். பிற்பாடு அடுத்து வந்த மாதங்களையும் சேர்த்துப் பார்த்தவர்கள் 12,000 வரை வரும் என்றார்கள். அந்த மாதிரிப் புகைக்கு ஆராய்ச்சியாளர் வேண்டாம், வெட்டியான் போதும்.

காற்று சுத்தமாக ஆரம்பித்த பிறகுதான் கஷ்டமே. ஒரே நாளில் யாரும் சாகவில்லை. அப்படியானால் தீங்கு இல்லையா, அல்லது மெதுவாக நடப்பதால் தெரியவில்லையா? இதற்கு விடை தேடிய ஆராய்ச்சி வந்தது, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அதே 1993ல். அமெரிக்காவில் ஆறு ஊர்களில் 8,111 பேரை 14 முதல் 16 வருடம் வரை பின்தொடர்ந்தார்கள். புகைபிடிப்பவரா, எடை என்ன, என்ன படிப்பு, வேலையில் தூசி உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு அதையெல்லாம் கழித்த பிறகும், காற்று மிக மோசமாக இருந்த ஸ்டூபென்வில் என்ற உருக்காலை ஊரில் மரண விகிதம், மிகச் சுத்தமான போர்ட்டேஜைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. இரண்டு விஷயம் எல்லாரையும் நிமிர வைத்தது. ஒன்று, இதய நோயும் அந்தக் கணக்கில் நின்றது. மற்றது, கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட, 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகளோடுதான் அந்தத் தொடர்பு நன்றாக ஒட்டியது. ஒரு தலைமுடியின் குறுக்களவில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு அது. பிஎம் 2.5 என்று நம் ஊர்ச் செய்தியில் வாசிப்பது இதைத்தான். அண்ணே, உங்கள் கைக்குட்டையில் விழுந்தது மூக்கு பிடித்துவைத்த பெரிய தூசி. மூக்கைத் தாண்டி உள்ளே போனது கைக்குட்டைக்கு வந்திருக்காது.

தொழில்துறை சும்மா விடவில்லை. கணக்கு தப்பு என்றார்கள். 2000ல் வேறு ஒரு குழு மூலத் தரவை வாங்கி முதலிலிருந்து போட்டுப் பார்த்தது. அதே விடைதான் வந்தது.

சரி, புரோட்டா. உருக்காலை ஊர்க்காரன் சாப்பாடும் வாழ்க்கையும் வேறாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். அதனால்தான் இந்தத் துறைக்காரர்கள் தற்செயல்களைத் தேடிப் போவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்குக் கதை. அங்கே ஓர் உருக்காலை தொழிலாளர் தகராறில் 1986 ஆகஸ்ட் முதல் 13 மாதம் மூடிக் கிடந்தது. அப்புறம் திறந்துவிட்டார்கள். ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா என்று சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, மூடிய குளிர்காலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதே ஊர், அதே குளிர், அதே அம்மா சமைத்த அதே சாப்பாடு. மதக் காரணத்தால் அந்த ஊரில் புகைபிடிப்பவர்களும் குறைவு. மாறியது ஆலை மட்டும்தான்.

நம் ஊர் ஆட்களுக்குச் சட்டென்று புரியும் ஒன்று சொல்கிறேன். 1998லிருந்து நமக்குச் சாலைக் கட்டணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் இஆர்பி கம்பம் இருக்கிறது, நிற்காமல் போகிறோம். அமெரிக்காவில் சுங்கச் சாவடியில் வரிசையில் நின்று காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் நிற்காமல் போகும் முறை வந்ததும், சாவடிக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருந்த தாய்மார்களுக்குக் குறைமாதப் பிரசவம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 2011ல் வந்த ஆய்வு. வண்டிகள் நின்று உறுமாமல் போனதுதான் வித்தியாசம். உங்கள் ஷட்டர் கதைதான் இது, திருப்பிப் போட்டது.

மூன்றாவது வழி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஒருவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இதயம் நின்றுவிட்டது என்று வையுங்கள். அவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரையே அதே மாதத்தின் மற்றச் செவ்வாய்க்கிழமைகளோடு ஒப்பிடுவார்கள். புரோட்டா பிரியரென்றால் எல்லாச் செவ்வாயும் சாப்பிட்டிருப்பார். அவர் வயதும் மரபணுவும் சர்க்கரையும் வாரத்துக்கு வாரம் மாறப்போவதில்லை. காற்று மட்டும் மாறும். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களை வைத்து, 2010 முதல் 2015 வரைக்கும் சிங்கப்பூரிலேயே இந்த முறையில் பார்த்திருக்கிறார்கள். பிஎஸ்ஐ 100ஐத் தாண்டிய நாள்களிலும் அதற்கடுத்த சில நாள்களிலும் ஆபத்து கூடியது. "மிதம்" என்று நாம் நிம்மதியாக இருக்கும் 51 முதல் 100 வரையிலும் கொஞ்சம் கூடியது.

பட்டியல் ஏன் நீள்கிறது என்றால், பாதிக் காரணம் அளக்கும் கருவிகள். அன்றைக்கு ஓர் ஊருக்கு ஒரு நிலையம். இன்றைக்குத் துணைக்கோளப் படத்தையும் தரைநிலைய அளவையும் சேர்த்து, எந்தத் தெருவில் எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் 6 கோடிப் பேரின் பதிவை 2017ல் ஒரே ஆய்வில் அலசினார்கள். கூட்டம் பெருக்கப் பெருக்க, சின்னத் தீங்கும் கண்ணில் படும். அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவுக்குக் கீழேயும் தீங்கு தொடர்வது அதில் தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் பிஎம் 2.5க்கு வைத்திருந்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம். 2021ல் அதைப் பாதியாக்கி 5 என்று வைத்தது. காற்று கெட்டதால் இல்லை, தீங்கு முடியும் கோட்டைத் தேடிப் போனவர்களுக்கு அந்தக் கோடு அகப்படாததால்.

மிச்சப் பாதி, பரிசோதனைக்கூடம். எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் சுவீடன்காரர்களோடு சேர்ந்து, ஏற்கெனவே மாரடைப்பு வந்த 20 ஆண்களை, நீர்க்கச் செய்த டீசல் புகையில் சைக்கிள் மிதிக்க வைத்து இசிஜி எடுத்தார்கள் (அனுமதி வாங்கித்தான்!). சுத்தக் காற்றில் மிதித்ததைவிட இதயத்துக்கு ரத்தம் போதாத அடையாளம் கூடுதலாக இருந்தது. 2017ல் இன்னும் விசித்திரம். தொண்டர்களை மிக நுண்ணிய தங்கத் துகளைச் சுவாசிக்க வைத்தார்கள். தங்கம் உடம்பில் இயல்பாக இருக்காது, அதனால் எங்கே போனாலும் காட்டிக்கொடுக்கும். சிலரது ரத்தத்தில் 15 நிமிடத்தில் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் சிறுநீரில் இருந்தது. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு அறுவை செய்யவிருந்தவர்களிடம் பார்த்தபோது, அந்த அடைப்புக்குள்ளேயே தங்கம்.

நீலச் சீட்டைப் பற்றி என் சொந்தக் கருத்து. இதயத்தில் எனக்குச் சந்தேகம் மிச்சமில்லை. லான்செட் என்ற மருத்துவ இதழ் மறதிநோய்க்காக அமைத்த ஆணையம், தவிர்க்கக்கூடிய காரணங்களில் காற்று மாசை 2020ல் சேர்த்துவிட்டது. ஆனால் மறதிநோய் 20 வருடம் ஊறி வருவது. அந்த 20 வருடமும் அவர் எந்தத் தெருவில் என்ன மூச்சு விட்டார் என்பதை எழுதி வைத்தவர் யார்? அதனால் நீலத்தைப் பென்சிலால் எழுதுங்கள் என்பேன். மனச்சோர்வு பற்றி வருபவற்றை இன்னும் லேசான பென்சிலால்.

அப்புறம் ஒன்று, அண்ணே. 2012ல் 12,000க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களை வைத்து, டீசல் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஓர் ஆய்வு வந்தது. அதே வருடம் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே முதல் வகுப்பில் வைத்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "26 வருடம், மூடிய ஒர்க்‌ஷாப், டீசல்" என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குறுக்கே_கேட்பவன் எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் எல்லாத்தையும் நம்பிவிட வேண்டாம். 2015 புகைமூட்டத்தில் சிங்கப்பூரில் 2,200 பேர் செத்ததாக 2016ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்ததே? உண்மை நிலவரம் அப்படியில்லை என்று சுகாதார அமைச்சு அப்போதே மறுத்தது. எங்கள் புளோக்கில் ஒரு சாவும் இல்லை. கணினியில் உட்கார்ந்து ஆளைக் கொல்வது சுலபம்.

எண்ணிக்கைக்காரி எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த 2,200 யாரும் பெயர் எழுதி எண்ணிய பிணங்கள் அல்ல. புகை எவ்வளவு படர்ந்தது என்று கணினியில் மாதிரிக் கணக்குப் போட்டு, அதை வேறு நாடுகளில் கண்ட தீங்கு விகிதத்தால் பெருக்கியது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேர்த்து 100,300 என்றார்கள். தலைப்பில் வந்தது அதுதான். உள்ளே அவர்களே கொடுத்த எல்லை 26,300 முதல் 174,300 வரை. ஒரு நகைக்கடைக்காரர் "இந்தச் சங்கிலி மூன்று பவுனும் இருக்கலாம், பதினேழும் இருக்கலாம்" என்றால் வாங்குவீர்களா? அதே நேரம், கழுத்தில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

புளோக்கை வைத்துப் பார்க்காதீர்கள். நாட்டு மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் 2,200 என்பது 2,500 பேருக்கு ஒருவர் கணக்கு. உண்மையாகவே நடந்திருந்தாலும் பெரும்பாலான புளோக்குகளில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

பிசகு எதிர்ப்பக்கமும் இருக்கலாம். அந்த விகிதங்கள் ஊர்க் காற்றை வைத்துப் போட்டவை. நமக்கு வந்தது சுமத்ரா, கலிமந்தான் சதுப்புநிலக் கரி கனன்ற புகை. தெற்குக் கலிபோர்னியாவில் 2021ல் வந்த ஆய்வில், அதே அளவு பிஎம் 2.5 காட்டுத்தீயிலிருந்து வந்தால் மூச்சுக்கோளாறுக்கு மருத்துவமனையில் சேர்வது மற்ற மூலங்களைவிடக் கூடுதலாக இருந்தது. அளவு மட்டும் பார்ப்பது போய், எதை எரித்த துகள் என்று பார்க்கும் காலம் இது.

மல்லிகா அக்கா, உங்கள் மாமியாருக்குச் சொல்ல உள்ளூர்ச் சரக்கே இருக்கிறது. 1993 முதல் 1998 வரை சிங்கப்பூர்ச் சீனர்கள் 63,257 பேரைச் சேர்த்து இன்றுவரை பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. வீட்டில் நீண்டகாலம் ஊதுபத்தி ஏற்றியவர்களுக்கு மூச்சுப்பாதைப் புற்றுநோயில் ஒரு வகை கூடுதலாக இருந்ததாக 2008ல் அதிலிருந்து வந்தது. இதய மரணமும் கொஞ்சம் கூடுதல் என்று 2014ல் வந்தது. அவர்கள் ஏற்றியது சாமிமேடைப் பத்தி, உங்களுடையது சாம்பிராணி. நுரையீரலுக்குச் சாமி பேதம் கிடையாது. அந்த 63,257 பேரில் நம் ஆள் ஒருவரும் இல்லை என்பது எனக்கு ஒரு சின்ன மனக்குறை. தாளிக்கும் புகைக்கும் கிட்டத்தட்ட அதே கதை. அதிகச் சூட்டில் பொரிக்கும் புகையை "பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை. சன்னலைத் திறந்து, மகன் வெளியே போன நேரத்தில் போடுங்கள், வீடு முழுக்கச் சுற்றாமல் பூசை அறையோடு முடியுங்கள். அப்புறம் புகைமூட்ட நாளில் 24 மணிநேர பிஎஸ்ஐயை மட்டும் பார்க்காதீர்கள், அது நேற்றைய சோற்றையும் சேர்த்துக் கணக்குச் சொல்லும். இப்போது வெளியே போகலாமா என்பதற்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் போடும் ஒரு மணிநேர பிஎம் 2.5 எண்தான் உதவும். 55க்குள் இருந்தால் இயல்பு.

மல்லிகா_யீஷூன் எழுதியது:

படித்துக் காட்டினேன். "அப்படியானால் சன்னலைத் திற" என்று மட்டும் சொன்னார். வெற்றிதான்!

பட்டறை_மணியம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமைக் கதையை மகளிடம் சொன்னேன். "இதைத்தானே அப்பா நான் ஒரு மாதமாகச் சொல்கிறேன்" என்றாள். சொல்லியிருக்கலாம், புரோட்டா இல்லாமல் சொன்னதால் ஏறவில்லை.

நேற்று முழங்காலுக்காக மருந்தகம் போனபோது மருத்துவரிடம் மூன்றையும் சொன்னேன். முழங்காலுக்கு வந்தவர் ஏன் டீசல் பேசுகிறார் என்று ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் நாற்காலியைத் திருப்பி, எத்தனை வருடம், உள்ளே விசிறி உண்டா, சிகரெட் உண்டா என்று கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டார். ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அடுத்த மாதம் 9ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மேசையில் இப்போது ஆரஞ்சு நிறச் சீட்டு ஒன்று புதிதாக இருக்கிறது. "பட்டறை, 1993, வாழைப்பழம்" என்று எழுதி யூட்டா உருக்காலைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். முன்னுரையில் சேர்க்கப் போகிறாளாம். அவள் ஆசிரியர் விடுவாரா பார்க்கலாம். அந்தக் கைக்குட்டை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டேன். எல்லாத்தையும் 2019லேயே குப்பையில் போட்டுவிட்டாளாம். வாளி மட்டும் இருக்கிறது, அதில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறாள்.